ஒரு வினைச்சொல்லும் ஓர் உம்மையும்



ஆங்கிலத்தில் ‘டைவர்சிஃபை’ என்றொரு வினைச்சொல் உண்டு. வணிகர், வேளாண் அலுவலர், உயிரியல் அறிஞர், முதலீட்டு ஆலோசகர் ஆகிய அனைவரும் அதனை எடுத்தாள்கின்றனர். தமிழில் பெயர்ப்போரிற் பலர் ‘பன்முகப்படுத்து’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றனர். அந்த விரைவில் பொருள் எங்கே நழுவுகிறது என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இச்சொல் இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ‘வெவ்வேறு திசைக்குத் திரும்புதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். வேரில் பன்மை இல்லை, திரும்புதலே உள்ளது. கிழக்கு முகமாக நிற்றல் என்னும் வழக்கில் ‘முகம்’ திசையைக் குறிப்பதால், ‘பன்முகம்’ என்பது வேருக்கு அயலான சொல்லன்று. எனினும் எல்லா இடத்திற்கும் அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

எண்ணிக்கை மிகுவது மட்டும் இவ்வினையின் பொருளாகாது. முதலீட்டுத் தொகுப்பினைப் பற்றி ஹாரி மார்கோவிட்ஸ் 1952இல் எழுதிய கட்டுரை இதனைக் கணித வழியில் நிறுவியது. 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். பத்து நிறுவனங்களின் பங்குகளை ஒருவர் வாங்கியிருக்கலாம். பத்தும் ஒரே தொழிலைச் சார்ந்தனவாயின், அத்தொழில் நலியும்போது பத்தும் சேர்ந்தே வீழும். ஒன்று வீழும்போது மற்றொன்று உடன்வீழாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் இவ்வினை நிகழ்ந்ததாகக் கொள்ளலாம்.

இதன் கொடிய எதிர்மறைச் சான்று அயர்லாந்தில் உள்ளது. 1845இல் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழை உழவர் பெரும்பாலும் ‘லம்பர்’ என்னும் ஒரே வகையை நம்பியிருந்தனர். வயல் பல, குடும்பம் பல, வகை ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். ஆட்சியாளர் கொள்கைக்கும் நிலவுடைமை முறைக்கும் அத்துயரில் பெரும்பங்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் வேளாண்மையில் ‘பன்முகம்’ என்பதினும் ‘பல்வகை’ என்பதே ஏற்றது. இங்கே வேறொரு மயக்கமும் நேர்கிறது. நெல்லை விட்டு மக்காச்சோளம் விதைப்பது மாற்றுப்பயிர். வயல் முழுதும் மக்காச்சோளமாயின் உழவர் மீண்டும் ஒற்றைப் பயிரையே நம்பி நிற்கிறார். நெல்லோடு உளுந்தும் எள்ளும் விதைப்பதே பல்வகைப் பயிர். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும் துண்டறிக்கை உழவரைத் தவறான முடிவிற்கு இட்டுச் செல்லும்.

வணிகச் செய்திகளிலும் இதே நிலைதான். இம்பீரியல் டொபாக்கோ என்னும் பெயரில் 1910இல் தோன்றிய ஐ.டி.சி. நிறுவனம் 1975இல் சென்னையில் விடுதித் தொழிலைத் தொடங்கியது, சிகரெட்டை விடவில்லை. ‘விடுதித் தொழிலுக்கு மாறியது’ என்று எழுதினால் செய்தி பொய்யாகிவிடும். ‘விடுதித் தொழிலில் இறங்கியது’ என்பதும் குறையுடையதே. ‘விடுதித் தொழிலிலும் இறங்கியது’ என்னும்போதுதான் பழைய தொழில் நிலைத்திருப்பது விளங்குகிறது. ஆங்கில வினையின் பாதிப் பொருளைத் தமிழில் ஓர் உம்மை சுமக்கிறது! உம்மைக்குத் தொல்காப்பியர் கூறும் எட்டுப் பொருள்களுள் எச்சம் ஒன்று. இங்கே நிற்பது அதுவே. ‘பன்முகப்படுத்தியது’ என்னும் நீண்ட சொல் இல்லாமலே வாக்கியம் நிறைவு பெற்றுவிடுகிறது.

கவிஞர் அவை என்பதால் ஒன்றை இடையே சொல்லலாம். ‘பல’ என்னும் சொல் வருமொழிக்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. பல்வகை, பன்முகம், பற்பல, பஃறொடை என நான்கு இடத்தில் நான்கு ஒலி. வெண்பா பயில்வோர் பஃறொடையை நாவால் அறிவர். அதன் முன்பாதி ‘பல்’ என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இனி, தன்வினை பிறவினை. ஆங்கிலத்தில் இவ்வினை இரண்டிற்கும் ஒரே வடிவில் நிற்கும். தமிழில் எழுதுவோர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 1835இல் டார்வின் கலாபகசுத் தீவுகளில் கண்ட குருவிகள் ஒரே மூதாதை வழியில் வந்தவை; உண்ணும் இரைக்கேற்ப அவற்றின் அலகுகள் வேறுபட்டன. அவை ‘பல்வகைப்படுத்தப்பட்டன’ என்று எழுதினால், அவற்றை அவ்வாறு செய்தவர் யாரோ ஒருவர் இருந்தாராகும். ‘பல இனங்களாகக் கிளைத்தன’ என்றால் போதும். நல்ல தன்வினை கையிலிருக்க, ‘படுத்து’ என்பதை ஒட்டுவானேன்?

மக்களைப் பற்றி வரும் இடத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலேயர் பயிருக்கும் பங்குக்கும் வழங்கும் அதே வினையைப் பணியாளர்க்கும் வழங்குவர். தமிழிலோ பலர் என்பது உயர்திணை, பல என்பது அஃறிணை. ‘பணியாளரைப் பல்வகைப்படுத்தல்’ என்னும் தொடர் இலக்கணப் பிழையன்று. ஆயினும் மனிதரைச் சரக்குபோல வகைபிரித்து அடுக்கும் தொனி அதில் ஒலிக்கிறது. யார் விடுபட்டிருந்தனர் என்பதையும் அது மறைத்துவிடுகிறது. ‘இதுவரை இடம்பெறாத தரப்பினரையும் பணியிற் சேர்த்தல்’ என்று எழுதினால் சொற்கள் சில மிகும். செய்ய வேண்டிய செயல் இன்னதென்பது தெளிவாகும். அத்தொடரிலும் உம்மை வந்து நிற்பதைக் காண்க.