இரவுக்கு எடுத்துவைக்கும் வெயில்



சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் வன்னியில் இன்றும் இருக்கிறார்கள். 1990இற்குப் பிறகு போரினால் வவுனியா நகருக்கு வடக்கே கம்பிவழி வந்த மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அன்று ஜாம் போத்தலில் செய்த விளக்கில் படித்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள். மின்சாரத்தின் அருமையை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இப்போது சோலார் பூட்டும் வீடுகள் பலவற்றில் பற்றரி இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் கோளாறு ஏற்பட்டு, முற்பகலிலேயே நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. வெளியே நல்ல வெயில். கூரையில் சோலார் பனல் இருந்தும், பற்றரி இல்லாத வீடுகளில் மின்விசிறி சுழலவில்லை. சோலாரில் பழுது எதுவும் இல்லை. பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர்கள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. தெருக் கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் அவை தாமாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால், கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஊழியரின் உயிருக்கு உங்கள் கூரையில் இருந்து ஆபத்து வரும். கட்டணத்தைக் குறைக்க அந்தச் சோலார் உதவும். இருட்டுக்கு உதவ வேண்டுமென்றால் பற்றரியும், அதனோடு சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும்.

செலவைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். முழு வீட்டையும் பற்றரியில் ஓட்டக் கணக்குப் பார்ப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம். கிணற்று மோட்டரை விடுங்கள். அது இயங்கத் தொடங்கும் நொடியில் வழமையைவிடப் பலமடங்கு மின்சாரம் இழுக்கும். தண்ணீரைப் பகலிலேயே தாங்கிக்கு ஏற்றிவிடலாம். மின்னழுத்தியும் பற்றரிக்கு உரியதல்ல. இரவில் எது நிற்கக்கூடாது என்று மட்டும் கேளுங்கள். 9 வாட் மின்குமிழ் நான்கு, ஐந்து மணி நேரம். 60 வாட் மின்விசிறி ஒன்று, எட்டு மணி நேரம். இணைய ரவுட்டரும் இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு யூனிட் வராது. இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடு என்றால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். அந்த வீட்டுக்குக் கணக்கு இன்னும் பெரிது.

அந்த ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு பற்றரி? 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் 1.2 யூனிட் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். ஆகவே இரண்டு தேவை. அதே அளவு லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் எடுக்கலாம், ஒன்றே போதும். வாங்கும்போது விலை கூடுதல்தான், ஆனால் ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். இயன்றவர்கள் லிதியத்துக்கே போங்கள் என்பேன். கோடையில் 450 வாட் பனல் ஒன்று அதை நிரப்பிவிடும். மாரியில், வானம் நாட்கணக்காக மூடிக்கிடக்கும்போது, நிரப்பாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் அதிகம் தேவைப்படும் காலமும் வெயில் குறைந்த காலமும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. எனவே பனலைச் சற்றுக் கூடுதலாகவும், பற்றரியை வெள்ளம் எட்டாத உயரத்திலும் வையுங்கள்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானை வேலியோடு வாழ்பவர்களுக்கு இன்னொன்று தெரியும். வேலிக்கு மின்சாரம் கொடுப்பது சோலாரும் பற்றரியும்தான். பற்றரி சோர்ந்தால் வேலி வெறும் கம்பி. வீட்டுப் பற்றரியையும் அதுபோலவே பராமரிக்க வேண்டும். ஈயப் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரே விடவேண்டும். கிணற்று நீரின் உப்பு அதைக் கொன்றுவிடும். ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிவருவதால் படுக்கையறையில் வைக்கக்கூடாது. லிதியமோ ஈயமோ, தகரக் கூரைக்கு நேர்கீழே வெக்கையில் வைத்தால் ஆயுள் குறையும். ஐப்பசி இடிமின்னலுக்கு முன் நிலத்தொடுப்பும் மின்னெழுச்சித் தடுப்பானும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நாட்டுக்கும் இதில் பலன் உண்டு. 2025 ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில், தேவை குறைந்துபோனதால் கூரைச் சோலார்களைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டது. அதே நாட்டில் மாலை ஆறரை முதல் இரவு பத்தரைவரை மின்தேவை உச்சத்துக்குப் போகிறது. பகலில் வீணாகும் வெயிலை அந்த நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுபோக வீட்டுப் பற்றரியாலும் முடியும்.

பூட்ட வருபவர்களிடம் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், அவர்கள் நிற்கும்போதே வீட்டின் பிரதான ஆளியை நிறுத்தச் சொல்லுங்கள். எந்த மின்குமிழ் எரிகிறது, மின்விசிறி சுழல்கிறதா என்று அறை அறையாகப் பாருங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.