கண்ணாடியும் கைத்தொழிலும்

(காசிமேட்டில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



மீன்பிடித் துறைமுகத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்று பேசுகிறேன். அதோ, கரையேற்றிய விசைப்படகின் அடியில் ஒரு தம்பி வெல்டிங் வேலை செய்கிறான். பொறி பறக்கிறது, புகை சூழ்கிறது. அவன் கையோ நடுங்கவில்லை. எவ்வளவு இரும்பைப் பாழாக்கி, எத்தனை முறை சுட்டுக்கொண்டு அந்தக் கை பழகிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்!

அந்தப் பழக்கத்தைக் கண்ணாடி வழியே தருகிறோம் என்கிறார்கள் இன்று. மெய்நிகர்க் காட்சி என்று அதற்குப் பெயர். தலையில் ஒரு கவசம். கண்ணுக்கு எதிரே சிறு திரை. தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். கையிலே வெல்டிங் கருவி போன்ற ஒன்று. நெருப்பில்லை, ஆனால் திரையில் இரும்பு உருகும். பிடித்த கோணம் சரியா, நகர்த்திய வேகம் சரியா என்று அளந்து மதிப்பெண்ணும் போடும்!

பித்தலாட்டம் என்று சிரித்துவிட வேண்டாம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், துருத்தியும் காற்றும் கொண்டு 1929-இல் ஒரு பொய் விமானம் செய்தார். கேளிக்கைப் பூங்காக்காரர்கள் வாங்கினர். இராணுவம் ஏறிட்டும் பார்க்கவில்லை. 1934-இல் தபால் சுமந்து பறந்த இராணுவ விமானிகள் பலர் மாண்டனர். பிறகுதான் ஆறு பெட்டிகளை வாங்கிற்று. விலை கொடுத்த பிறகு வந்த புத்தி!

நமக்கும் அத்தகைய விலை தெரியும். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்த இரவை மறந்தோமா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடிய தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். வாயு கசியும்போது எந்த வால்வை முதலில் மூடுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக் கற்பிக்க, உண்மையிலேயே வாயுவைத் திறந்துவிட முடியுமா? அங்கேதான் இந்தக் கண்ணாடி வேண்டும். நூறு முறை தவறலாம், ஓருயிரும் போகாது.

ஆனால் தோழர்களே, என் அச்சம் வேறு. பட்டறை வைக்கப் பணம் வேண்டும். லேத்து வேண்டும், இரும்பு வேண்டும், சொல்லித்தர அனுபவமுள்ள ஆசான் வேண்டும். "கண்ணாடி வாங்கிவிட்டோம், இனிப் பட்டறை எதற்கு?" என்று கணக்குப் பார்க்கும் கல்லூரி முதலாளி நாளை வரமாட்டானா? வசதியுள்ளவன் மகனுக்கு இயந்திரம். வலை இழுப்பவன் மகனுக்கு இயந்திரத்தின் நிழலா?

திரை காட்டாததைச் சொல்கிறேன். ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும்போது கைக்குக் கிடைக்கும் இழுப்பு, முகத்தில் அடிக்கும் அனல், டீசல் எஞ்சின் ஓடும்போது உள்ளங்கையில் தெரியும் அதிர்வு. இந்தத் தொடுவுணர்வைத் தரவும் ஆய்வு நடக்கிறது. நம் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே அதற்கென ஆய்வகம் உண்டு. வரட்டும், வரவேற்போம்! கிண்டியில் கண்டது காசிமேட்டுக்கு வந்து சேரும்வரை பட்டறையைப் பூட்டக்கூடாது.

கடலோடிகளின் பன்னாட்டு உடன்படிக்கையைப் பாருங்கள். 1978-இல் பிறந்தது, 1995-இல் திருத்தியபோது ரேடார் பயிற்சிக்குப் பாவனைக் கருவியைக் கட்டாயமாக்கினர். அதற்காகக் கடலை விட்டுவிட்டார்களா? கப்பலில் காவல் அதிகாரியாகச் சான்று பெற, குறைந்தது 12 மாதம் கடற்பணி செய்திருக்க வேண்டும். இராயபுரத்திலேயே மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. படகோட்டவும் எஞ்சின் பார்க்கவும் கற்க வருகிறவர்களைக் கேளுங்கள், கரையில் மட்டும் நின்று கடல் தெரியுமா என்று!

தமிழ்நாட்டரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீனமாக்க ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டி, 2023 முதல் அம்மையங்களைத் திறந்தது. ரோபோவும் நவீன எந்திரமும் ஏழைப் பிள்ளையின் கைக்கு எட்டும் வழி அது. அந்த எந்திரங்களின் பக்கத்தில் கண்ணாடியும் இருக்கட்டும். காலையில் கண்ணாடியில் தவறிப் பழகியவன், மாலையில் இரும்பைத் தொடட்டும்.

1923-இல் இச்சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதித் தொழிலாளிக்குத் தந்தார். அவர் பிறந்த மீனவர் குலத்துப் பிள்ளைகளுக்குப் புதிய விஞ்ஞானத்தைக் கண்டு அச்சமில்லை. அவர்கள் கேட்பது கணக்கு!

ஆகவே கிளைத் தோழர்கள், இராயபுரம் முதல் எண்ணூர் வரை, தொழில் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் நிலையத்துக்கும் சென்று கேட்க வேண்டும்: ஒரு லேத்துக்கு எத்தனை மாணவர்? வாரத்தில் ஒரு மாணவன் கையில் கருவி இருக்கும் நேரம் எவ்வளவு? கண்ணாடி வந்தபின் அந்த நேரம் கூடிற்றா, குறைந்ததா? எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை இதே மேடையில் படிப்போம்.