பார்க்க ஆளில்லாத ஆட்டம்

(‘மனிதனுக்கு நிறைவு தருவது புகழா? ஈடுபாடா?’ பட்டிமன்றத்தில், ‘ஈடுபாடே’ அணியின் பேச்சு. இடம்: வேடந்தாங்கல்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "நாலு பேர் பார்க்காத உழைப்பு காட்டில் எறித்த நிலா" என்றார். ஐயா, அந்த நிலா வெளிச்சத்தில்தான் காட்டு மான் தண்ணி குடிக்கப் போகுது. அதைக் கேட்டுப் பாருங்க, வீணா இல்லையான்னு சொல்லும்! (கைதட்டல்)

2013இல் வந்த ‘விஸ்வரூபம்’ பார்த்திருப்பீர்கள். அதில் கமல்ஹாசனுக்கு எதிராக நின்ற வில்லன் ஓமர் யார்? ராகுல் போஸ். அவர் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம். நடுவரே தூக்கலை! (சிரிப்பு)

1998இல் இந்திய ரக்பி அணி முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்குப் போனது. ஆசிய சாம்பியன்ஷிப். அந்த அணியில் இவரும் ஒருவர். அவர் ஆடிய இடங்களில் ஒன்று வலது ‘விங்’. விங் என்றால் இறக்கை. வேடந்தாங்கல்காரங்களுக்கு இறக்கையைப் பற்றி நான் சொல்லணுமா?

அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னால் வீசக் கூடாது. பின்னால் வர்றவங்களுக்குத்தான் கொடுக்கணும். கைமாறிக் கைமாறி ஓரத்துக்கு வரும்வரை விங்கர் காத்து நிற்பார். வந்தால் ஒரே ஓட்டம்! கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி. வழியிலேயே கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள்.

"சினிமாவில் பேர் வாங்கினவர், பொழுதுபோக்குக்கு ஆடினார்" என்பார்கள் எதிரணியினர். நடிகனுக்கு முகம்தானே முதல்? அந்த முதலைக் கொண்டுபோய் முட்டி மோதுற ஆட்டத்தில் யாராவது வைப்பார்களா? 1994இல் ‘இங்கிலிஷ், ஆகஸ்ட்’, 2002இல் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் அய்யர்’. இரண்டிலும் அவர்தான் கதாநாயகன். புகழ்தான் நிறைவு என்றால் கேமரா முன்னாலேயே நின்றிருக்கலாமே! 2009 பருவத்துக்கு அணிக்குத் திரும்பப் போவதில்லை என்று அவர் சொன்னபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அப்புறமாவது விட்டாரா? இந்திய ரக்பி சங்கத்தின் தலைவராக வந்தார். பின்னால் வர்றவங்களுக்குக் கொடுக்கிறதுதானே அந்த ஆட்டத்தின் சட்டம்! (கைதட்டல்)

இந்த ஊருக்கு இது புதுசா? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது உங்கள் முன்னோர் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். அன்றைக்கு எந்த டி.வி. வந்து படம் பிடித்தது? பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடிக்காமல் இருந்த பிள்ளைகளுக்கு யார் மெடல் கொடுத்தார்கள்?

தாய்மார்களே, நாளைக்கு உங்க பிள்ளை விடியற்காலையில் ஓடப் போறேன்னு எழுந்தால், "இதனால பேர் வருமா, காசு வருமா"ன்னு கேட்காதீங்க. முதல்ல ஷூவை எடுத்துக் கொடுங்க.

நிறைவு தருவது ஈடுபாடே என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.