வெள்ளிக்கிழமை மூன்று மணி

வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பரிசு எப்போது தருவார்கள் என்று மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, மைக் பிடித்தவன் லேசில் விடமாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். நான் சீக்கிரம் விட்டுவிடுகிறேன்.

நம் பள்ளி மாணவி ஒருத்தி இந்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறோம். கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதவு எப்போது திறந்தது? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அதற்கு முந்தின வருஷம் விரல்விட்டு எண்ணும்படி இருந்தவர்கள், அந்த வருஷமே நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். அப்போதும் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியில்லாமல் தவித்து நின்றார்கள். அரசே அதை ஏற்கும் என்று அறிவிப்பு வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். மார்க் வாங்கும் வரைதான் பிள்ளையின் பாடு. அதற்கு மேல் நம் பாடு.

ஊர் கைகொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1958-ல் காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது கூட்டமோ தோரணமோ இல்லை, அந்த ஏற்பாடுதான். முதலில் எந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊராரிடம் கேட்டார்கள். இன்றைக்கு நாம் தலைகீழாகச் செய்கிறோம். நம் பள்ளிக்கு உபயமாக வந்த சுவர்க்கடிகாரம் மட்டும் ஆறு இருக்கிறது! கொடுத்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் கொடிக்குளம். அங்கே ஆயி அம்மாள் என்கிற பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக ஊர்ப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகும் நிலம். கேட்டதோ, மகள் பெயரை வைக்க வேண்டும் என்பது மட்டும். 2024 குடியரசு தினத்தன்று அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும், அதற்கு இடம் வேண்டும் என்ற தேவை பார்த்துக் கொடுத்தது அது.

அவ்வளவு நிலம் நம்மிடம் இல்லை; ஆனால் தேவை பார்த்துக் கொடுக்க நிலமே வேண்டும் என்பதில்லை. நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். மாணவியர் கழிவறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதியிருக்கிறது. அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும் அதே வரி. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மணியடித்த பிறகு இரண்டும் வகுப்புக்கு ஓடுகின்றன. தாழ்ப்பாள் என்ன விலை? ஆனால் அதற்கு யார் ஃபிளெக்ஸ் அடிப்பார்கள்?

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சட்டம் சரிதான். ஆனால் குழுவின் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. களையெடுக்கப் போகும் அம்மா அதற்கு வந்தால் அரை நாள் கூலி போச்சு. வராவிட்டால், "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று நாமே பேசுகிறோம்.

முன்னாள் மாணவர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கடிகாரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் தாழ்ப்பாளை நாளைக்கே மாட்டுங்கள். மீதியை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் அந்தப் பிள்ளையின் புத்தகத்துக்குக் கொடுங்கள். தலைமையாசிரியர் ஐயா, கூட்டத்தை அந்தி சாய்ந்த பிறகு வைக்க முடியுமா? முடியும் என்று தலையாட்டுகிறார். எல்லாரும் பார்த்துக்கொண்டீர்கள்!

பரிசு கொடுக்கலாம் ஐயா.