வேகத்தின் பெயரால் பிரிக்கப்படும் ஊழியர்கள்



டெல்லியின் அரசு அலுவலகங்களில் ஒரே பிரிவில், ஒரே ஊதியத்தில் இருவர் பணிபுரிகின்றனர். ஒருவர் முடிக்கும் கோப்புகளில் பாதியைத்தான் மற்றவர் முடிக்கிறார். இத்தகைய வேறுபாடு இருப்பது உண்மை. அதை மறுக்கும் தொழிற்சங்கம், அதிகச் சுமை தாங்கும் ஊழியரின் நம்பிக்கையை இழந்துவிடும். ஆனால், இந்த வேறுபாட்டின் காரணம் என்ன என்று கேட்காமல் தீர்வு சொல்ல முடியாது.

முதற்காரணம் ஆள் பற்றாக்குறை. 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 40.35 லட்சம், அவற்றுள் 9.79 லட்சம் காலி என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஏறத்தாழ நான்கில் ஓர் இருக்கை காலி. அந்த இருக்கையின் வேலை அனைவருக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. விரைந்து முடிப்பவரின் மேசைக்கே வந்து சேருகிறது. விரைவுக்குக் கிடைக்கும் பரிசு மேலும் ஒரு கட்டுக் கோப்பு என்றால், கை தளர்வது இயல்பே. போதிய பயிற்சியின்றிக் கணினி முறைக்கு மாற்றப்பட்ட மூத்த ஊழியர் தடுமாறுகிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒப்பந்த ஊழியரோ, வேலை பறிபோகும் அச்சத்தில் குறைந்த ஊதியத்துக்கு ஓய்வின்றி உழைக்கிறார்.

அரசு இதற்குச் செய்தது என்ன? 2014இல் டெல்லி அலுவலகங்களில் விரல்ரேகை வருகைப் பதிவைக் கொண்டுவந்தது. அது வந்த நேரத்தையும் போன நேரத்தையும் காட்டும். செய்த வேலையைக் காட்டாது. 2015 நவம்பரில் அறிக்கை அளித்த ஏழாவது ஊதியக் குழு, பணி முன்னேற்றத்துக்கான தகுதி அளவை ‘நன்று’ என்பதிலிருந்து ‘மிக நன்று’ என உயர்த்தியது. முதல் 20 ஆண்டுகளில் அதை எட்டாதவரின் ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தவும் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசு அவற்றை ஏற்றுக்கொண்டது. 2020 ஆகஸ்டில், 56(ஜே) விதியின் கீழ் கட்டாய ஓய்வு அளிப்பதற்கான வழிமுறைகளும் ஒருங்கே தொகுத்து வெளியிடப்பட்டன.

மதிப்பெண் இடுபவர் மேலதிகாரி. அவரது பேனா எவ்வளவு வலிமையுடையது என்பதைத் தேவ் தத் வழக்கு காட்டியது. எல்லைச் சாலைப் பொறியாளரான அவருக்கு ஓராண்டில் இடப்பட்ட ‘நன்று’ என்ற குறிப்பு தெரிவிக்கப்படவே இல்லை; பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ தேவைப்பட்டது. ஒவ்வொரு குறிப்பும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

தனிநபர் வேகத்தோடு கூலியைப் பிணைப்பது புதிய உத்தியல்ல. துண்டு வேலைக் கூலி சிலரின் கூலியைச் சராசரிக்கு மேல் உயர்த்தி, அதே வேளையில் அந்தச் சராசரியையே கீழே இழுக்கும் என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். இன்று விரைவாகச் செய்பவரின் அளவே நாளை அனைவருக்கும் கட்டாய அளவாகிறது.

அதற்காக, வேண்டுமென்றே வேலையைத் தட்டிக் கழிப்பவருக்குச் சங்கம் குடைபிடிக்க வேண்டியதில்லை. அவர் கைவிட்ட சுமை சக ஊழியரின் தோளில் ஏறுகிறது. ஓய்வூதியத்துக்காகவும் சான்றிதழுக்காகவும் ஒரு நாள் கூலியை இழந்து சாளரத்தின் முன் நிற்பவர் உழைப்பாளியே. அவருக்கு இழைக்கப்படும் தாமதத்தைத் தனியார்மயத்துக்கான வாதமாக ஆளும் வர்க்கம் மாற்றிக்கொள்கிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: காலியிடங்களை நிரப்புக, வேலை அளவைச் சங்கங்களுடன் பேசி நிர்ணயிக்க, பணி நேரத்திலேயே பயிற்சி அளித்திடுக, ஒப்பந்த ஊழியருக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்குக. இவற்றை ஒவ்வொரு பிரிவின் ஊழியரிடமும், சாளரத்தின் முன் காத்திருக்கும் மக்களிடமும் கொண்டுசெல்வது கட்சி உறுப்பினர்களின் உடனடிக் கடமையாகும்.