கடன் கொடுப்போரும் வழி காட்டுவோரும்



கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில், பாடசாலை அதிபரின் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரும் பிள்ளைகளும் இரண்டு வினாக்களோடு வருகின்றனர். எங்கே படிப்பது என்பது ஒன்று. படிப்பதற்கு வேண்டிய பணத்தை எங்கே பெறுவது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கூறுவோர் நாட்டில் பலர் உளர். இரண்டாவது வினாவையும், அதற்கு விடை கூறுபவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதையும் குறித்தே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

நான் பணி புரியும் ஹல்துமுல்லை, பலாங்கொடையிலிருந்து பெலிஹுல் ஓயா வழியாகப் பெரகலையை நோக்கி மலையேறும் வீதியில் உள்ள சிற்றூர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். எம்மிடம் படிக்கும் பிள்ளைகளுள் பலர் லயங்களிலிருந்து வருபவர். இந்நாட்டில் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பெற்ற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. ஆயினும், உயர்தரத்தில் சித்தி பெற்றுப் பல்கலைக்கழகத் தகுதி அடைந்த பிள்ளைகளுள் ஒரு பகுதியினர்க்கே அங்கு இடம் கிடைக்கின்றது. எஞ்சியோர் என் செய்வர்? கட்டணம் வாங்கும் நிறுவனங்களை நாடுவர். கட்டணத்துக்குக் கடனை நாடுவர். இவ்வாறு, கடனுக்கும் கல்விக்கும் தொடர்பில்லாதிருந்த ஒரு நாட்டில் மாணவர் கடன் என்னும் சொல் வீட்டுச் சொல்லாகி வருகின்றது.

இந்த வழியில் நமக்கு வெகு தூரம் முன்னே சென்றுவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே 2007ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஒரு செய்தியை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகின்றேன்.

அந்நாட்டில் பல்கலைக்கழகக் கட்டணம் மிகுதி. பல குடும்பங்கள் கடன் பெற்றே அதனைச் செலுத்துகின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் நிதியுதவிக்கென ஓர் அலுவலகமும் அதற்கொரு பணிப்பாளரும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு என்ன தெரியும்? ஆதலின், இன்ன இன்ன வங்கிகளில் கடன் பெறலாம் என்று அந்த அலுவலகம் ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுத்து வந்தது. மாணவரிற் பெரும்பாலோர் அப்பட்டியலுக்கு வெளியே தேடியதே இல்லை. பல்கலைக்கழகம் சொன்னால் அது நம் நன்மைக்கே என்று நம்பினர். அது இயல்பான நம்பிக்கை, பிழையன்று.

நியூயோர்க் மாநிலத்தின் அந்நாளைய சட்டமா அதிபர் அன்ட்ரூ கியோமோ இப்பட்டியல்களை ஆராயத் தொடங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்க்கான நிதியுதவிப் பணிப்பாளர், பட்டியலிற் சேர்க்கப்பட்டிருந்த ஒரு கடன் நிறுவனத்தின் தாய்க் கம்பனியில் பங்குகள் வைத்திருந்து, அவற்றை விற்று இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டியிருந்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகப் பணிப்பாளரும் அதே கம்பனியில் பங்கு உடையவராக இருந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பொறுப்பை வகித்தவர், அந்தக் கடன் நிறுவனத்திடமிருந்தே ஆலோசனைக் கட்டணமாகவும் தம் மேற்படிப்புச் செலவாகவும் ஏறத்தாழ 65,000 டொலர் பெற்றிருந்தார். இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்ய வேண்டிய மத்திய அரசின் கல்வித் திணைக்களத்திலேயே ஓர் அதிகாரியிடம் அக்கம்பனியின் பங்குகள் இருந்தன என்றால், வேறு என்ன சொல்வது? வேலி பயிரை மேய்ந்தது மட்டுமன்று. வேலிக்குக் காவல் நின்றவரும் உடன் மேய்ந்தார்.

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. மாணவர் நிதியுதவி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், சில இடங்களில் மறுமுனையிற் பேசியவர் பல்கலைக்கழக ஊழியரே அல்லர். கடன் நிறுவனத்தின் ஊழியர். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவர் விடை கூறினார். கடன் கொடுப்பவனிடமே, எவனிடம் கடன் வாங்கலாம் என்று பிள்ளை கேட்டிருக்கின்றது!

குற்றம் எல்லாம் தனிமனிதர் பையை நிரப்பியதோடு நின்றுவிடவில்லை. என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. சில பல்கலைக்கழகங்களுக்குக் கடன் நிறுவனங்கள், வழங்கிய கடன் தொகையில் இத்தனை வீதம் என்று பணம் திருப்பிக் கொடுத்து வந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் நியூயோர்க் பல்கலைக்கழகமும் இவ்வாறு பெற்றவற்றுள் அடங்கும். இவை அப்பணத்தை ஒளிக்கவில்லை. ஏழை மாணவர்க்கு உதவும் நிதியிலேயே அதனைச் சேர்த்தோம் என்றன. கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆனால் அப்பணம் எங்கிருந்து வந்தது? கடன் வாங்கிய பிள்ளைகள் கட்டும் வட்டியிலிருந்து. பல்கலைக்கழகத்துக்கு வீதம் கொடுக்காத நிறுவனம் ஒன்று குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்திருக்கக் கூடும். அந்நிறுவனம் பட்டியலில் இடம் பெறுவதற்குக் காரணம் எதுவும் பல்கலைக்கழகத்துக்கு இல்லாமற் போயிற்று. ஓர் ஏழையிடம் அறியாமல் எடுத்து மற்றோர் ஏழைக்கு அறியக் கொடுப்பது தருமம் ஆகுமா?

முடிவில், பென்சில்வேனியா சுமார் 16 இலட்சம் டொலரையும் நியூயோர்க் பல்கலைக்கழகம் சுமார் 14 இலட்சம் டொலரையும் மாணவர்க்குத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டன. கொலம்பியா 11 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தியது. பதவி இழந்தோர் பலர். 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்நாட்டின் உயர்கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. பல்கலைக்கழகங்கள் கடன் நிறுவனங்களிடம் பங்கு வீதம் பெறுதல் ஆகாது. நிதியுதவி அலுவலர் அன்பளிப்போ ஆலோசனைக் கட்டணமோ பெறுதல் ஆகாது. பட்டியல் கொடுப்பதாயின் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிறுவனங்களேனும் அதில் இருத்தல் வேண்டும். அவற்றை ஏன் தெரிந்தோம் என்பதையும் வெளியிடல் வேண்டும் என்று விதித்தனர். இரண்டு ஆண்டு கழித்து, 2010இல், அரசின் உத்தரவாதத்தோடு தனியார் வங்கிகள் மாணவர்க்குக் கடன் கொடுக்கும் முறையையே நிறுத்தி, அரசே நேராகக் கொடுக்கத் தொடங்கிற்று.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று தோட்டத்து முதியவர் எவரும் கேட்கமாட்டார். அவர்தம் பாட்டன் காலத்துக் கதை அது.

பெரிய கங்காணி என்பவர் யார்? தமிழ்நாட்டுக் கிராமத்திலே போய் ஆட்களைத் திரட்டியவர் அவர். வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்துக்கு வந்த பின்னர் கடனைக் கணக்கில் எழுதியவரும், பல இடங்களிற் கடை வைத்து அரிசி கொடுத்தவரும் அவரே. அதே நேரத்தில், தம் ஆட்களுள் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினரோ அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்ட நிருவாகத்திடம் காசு பெற்றவரும் அவரே. துரையிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால் தொழிலாளி யாரிடம் போவார்? கங்காணியிடம். கணவன் மனைவி வழக்கைத் தீர்ப்பது யார்? கங்காணி. உறவு முறையில் மாமனாகவும் சிற்றப்பனாகவும் இருந்தவரும் உண்டு. கொடியவர் என்று எல்லாக் கங்காணிமாரையும் ஒரே சொல்லால் தள்ளிவிடுவது நீதியன்று. கோயில் கட்டியவர்கள் இருந்தனர். பஞ்ச காலத்திற் சோறிட்டவர்கள் இருந்தனர். ஆனால் நல்லவராயினும் அவர் இருந்த இடம் பொல்லாத இடம். தொழிலாளியின் கடன் குறைந்தால் அவர்தம் பிடி தளரும். அப்படியிருக்க, கடனைக் குறைக்கும் வழியை அவர் எங்ஙனம் சொல்லித் தருவார்?

அக்காலத்தில் துண்டு என்று ஒரு தாள் இருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறொரு தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்ளும்; கடனும் ஆளோடு கூடவே போகும். தம் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கின்றது என்பதைத் தொழிலாளர் பலர் அறியார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவித் தோட்ட மக்களுக்காக வாதாடினார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அமெரிக்கப் பணிப்பாளரையும் கங்காணியையும் ஒரே தட்டில் வைக்கின்றேனா என்றால், இல்லை. துன்பத்தின் அளவு வேறு. தவற்றின் அமைப்பு மட்டும் ஒன்று: வழி கேட்பவன் நம்பி நிற்க, வழி சொல்பவர் கடன் கொடுப்பவரிடம் கூலி வாங்குகின்றார். இதனை நலன்களின் முரண்பாடு என்று சட்ட அறிஞர் கூறுவர்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். அரசாங்கம் 2017ஆம் ஆண்டில், உயர்தரம் சித்தியெய்தியும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறாத மாணவர்க்கென வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில், அங்கீகாரம் பெற்ற பட்டப் படிப்புகளைப் பயில்வதற்கு வங்கி கடன் கொடுக்கும். வட்டியை அரசு ஏற்கும். முதலை மாணவர் படிப்பு முடிந்த பின்னர் செலுத்தல் வேண்டும். நல்ல திட்டம் என்றே கருதுகின்றேன். ஆயினும் வட்டி இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. எந்த நிறுவனத்தில், எந்தப் படிப்பில் சேர்வது என்று பிள்ளைக்கு ஒருவர் சொல்கின்றாரே, அவர் யார்? அந்நிறுவனம் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு கொடுக்கின்றதா? நாம் கவலை கொள்ள வேண்டிய இடம் இதுவே. அரசின் திட்டத்துக்கு வெளியே, நிதிக் கம்பனிகள் வட்டிக்குக் கொடுக்கும் கல்விக் கடனும் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் முகவர்களும் உளர். அங்கே இவ்வினா இன்னும் கூர்மையாகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்வி நிறுவனம் ஒன்றின் முகவர் எம் பாடசாலைக்கு வந்தார். கண்ணியமான இளைஞர். எம் மாணவர் அங்கே சேர்ந்து, அவர் காட்டும் நிதிக் கம்பனியிற் கடனும் பெற்றால், ஒவ்வொருவர் பேரிலும் ஒரு தொகையைப் பாடசாலை அபிவிருத்தி நிதிக்குத் தருவதாகக் கூறினார். எனக்கென்று எதுவும் தருவதாக அவர் சொல்லவில்லை. அதனால்தான் விடை கூறுவது கடினமாயிற்று. ஏனெனில் அந்த ஆண்டிலே எம் கட்டடம் ஒன்றின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக இருத்த வேண்டியிருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. "பிள்ளைகள் எப்படியும் எங்கேயோ கடன் வாங்கத்தான் போகின்றார்கள், ஐயா; கூரையாவது வரட்டுமே" என்றார் ஓர் ஆசிரியர். அவர் சுயநலக்காரர் அல்லர். அந்த ஒழுகும் வகுப்பிற் கற்பித்தவர். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கூரை பின்னும் இரண்டு மழைக்காலம் ஒழுகியது என்பதையும் மறைக்காமற் சொல்கின்றேன். மறுத்தால் உடனே நன்மை விளையும் என்று எவரும் எண்ண வேண்டா.

அப்படியானால் விளையாட்டுப் போட்டிக்கு வங்கி கொடுக்கும் கிண்ணத்தையும் மறுப்பதா என்று சிலர் கேட்பர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எல்லோரும் காணக் கொடுத்து, கைம்மாறு கேளாது போகும் கிண்ணத்தால் கெடுதி சிறிது. பிள்ளைகளின் பெயர் விவரமும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் வேண்டும் என்று அவ்வங்கியே மறுவாரம் வந்து கேட்குமாயின், அன்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடல் வேண்டும். பல்கலைக்கழகத்திலோ தனியார் கல்வி நிறுவனத்திலோ மாணவர்க்கு ஆலோசனை கூறும் பொறுப்பில் இருப்போர்க்குக் கோடு இன்னும் கடுமையாகக் கிழிக்கப்பட வேண்டும். கடன் கொடுக்கும் வங்கியில் தமக்கோ தம் வீட்டாருக்கோ பங்கு இருந்தால், உத்தியோகம் இருந்தால், அதனை எழுத்தில் அறிவித்துவிட்டு அக்கடன் பற்றிய ஆலோசனையிலிருந்து விலகி நிற்றல் வேண்டும். நேர்மையாளர்க்கு இது அவமதிப்பன்று. தம் பிள்ளை எழுதும் பரீட்சையின் விடைத்தாளைத் திருத்தாமல் ஆசிரியர் ஒதுங்குவது, தம்மைத் தாமே நம்பாமையினாலா? 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நிகழும் இலஞ்சத்தையும் குற்றம் என்று வகுத்திருக்கின்றது. தனியார் நிறுவனத்தில் வேலை என்பதால் கைநீட்டலாம் என்று எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. படிப்பையும் கடனையும் ஒருவரே சேர்த்துக் காட்டினால், "இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதற்கு நாணம் வேண்டா, நேர்மையானவர் சினங்கொள்ளார். நிறுவனத்தின் பெயர் மட்டுமன்றி, பிள்ளை பயிலப்போகும் பட்டமே அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலோ உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சிலோ விசாரியுங்கள். வேறொரு வங்கியிலும் ஒரு கணக்குக் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிணை நிற்கும் சிற்றப்பனோ மாமனோ, பிள்ளை கட்டத் தவறினால் தம் சம்பளத்திலிருந்து எவ்வளவு போகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்டறிய வேண்டும். கையெழுத்திடும் தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், அரசாங்க அலுவலகமாயின் தமிழிற் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வேறு இடமாயின், அதனை வீட்டுக்குக் கொண்டு சென்று, அக்கடனால் ஒரு சதமும் பெறாத ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்றே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால், தாளை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பலாம்.