பேசுமுன் ஒரு மௌனம்



மேடையேறி மௌனத்தைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். எனினும், எப்பொழுது வாய் திறப்பது, எப்பொழுது அடங்கியிருப்பது என்பதை அறியாத கூட்டம் சந்தையாகிவிடும். ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரின் போதனையால் எழுந்த கிறிஸ்தவ சபையினர் குவேக்கர்கள். தம்மை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொள்வர். 1928-இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து, பிற்காலத்தில் கோத்தகிரியில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பணியைத் தொடர்ந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார் இச்சபையைச் சேர்ந்தவரே.

இவர்களுடைய பழைய முறை வழிபாட்டில் குருவும் இல்லை, பிரசங்கமும் இல்லை. அனைவரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளிருந்து ஏவப்பட்டவர் எவராயினும் எழுந்து சில சொற்கள் கூறி அமரலாம். இன்று பேசியே தீருவேன் என்றோ, பேசவே மாட்டேன் என்றோ முடிவு செய்துகொண்டு வருதல் ஆகாது.

எழுமுன் அவர்கள் தம்மையே வினவிக்கொள்வர்: இச்சொல் எனக்கு மட்டும் உரியதா, இங்குள்ளோர்க்கும் உரியதா? இப்பொழுதே சொல்ல வேண்டியதா, பொறுக்கக் கூடியதா? என் பெருமை இதில் கலந்துள்ளதா? ஒருவர் பேசி அமர்ந்ததும் மற்றவர் உடனே எழமாட்டார். சொன்னது உள்ளத்தில் தங்குவதற்கு இடைவெளி விடுவார். மறுத்து வாதிடுதலும் அங்கில்லை.

அமெரிக்காவில் 1720-இல் பிறந்த ஜான் உல்மன் இளமையில் ஒருநாள் இவ்வாறு எழுந்து, தமக்கு அருளப்பட்டதற்கு மிகுதியாகப் பேசிவிட்டார். அதற்காகச் சில வாரங்கள் வருந்தியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அவரே ஒரு கடையில் எழுத்தராயிருந்தபோது, அடிமைப் பெண் ஒருத்தியை விற்கும் பத்திரம் எழுதுமாறு முதலாளி பணித்தார். எழுதிக் கொடுத்தார், ஆயினும் அடிமை வைத்தல் சமயத்திற்கு ஒவ்வாது என்பதை முகத்தெதிரே சொன்னார். 1758-இல் பிலடெல்பியாவில் கூடிய ஆண்டுப் பேரவையில், காலம் கடத்தலாம் என்று பலர் கருதியபோது, தாமதமே அநீதி என்று எழுந்து பேசினார். அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 1776-இல் அப்பேரவை தன் உறுப்பினர் அடிமை வைத்திருத்தலையே தடை செய்தது. மிகுதியாய்ப் பேசியதற்கு வருந்தியவரே, பேச வேண்டிய இடத்தில் பேசினார் என்பதைக் கருதுக.

நம் குறையையும் சொல்லிவிடுவோம். நன்றியுரையை நீட்டி, வண்டிக்குச் செல்வோரைக் கடிகாரம் பார்க்க வைத்ததுண்டு. அது சிறு பிழை. பெரும்பிழை வேறு. ஒரு பொதுக்கூட்டத்தில், எளிய உறுப்பினர் ஒருவர் வசூலித்த பணத்தை ஒப்படைக்கவில்லை எனப் பழி சுமத்தப்பட்டார். அவருக்கு ரசீது எழுதியவர் நாமே. நெஞ்சு படபடத்தது, ஆயினும் பெரியோர் பேசுகையில் குறுக்கிடுவது பண்பன்று என அமர்ந்திருந்தோம். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். மறுநாள் ரசீதுப் புத்தகத்தைக் காட்டினோம், கணக்கு நேராயிற்று. அவரோ பின்னர் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை. அன்று நாம் காத்தது மௌனமன்று, அச்சம்.

2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை, இம்மண்ணின் கீழே உழைத்த நம் முன்னோர் பாறையைத் தட்டி, அதன் ஒலியைக் கேட்ட பின்பே அதன் கீழ் நின்றனர். சொல்லையும் அவ்வாறே தட்டிப் பார்த்தல் வேண்டும். வெற்றொலியாயின் விட்டுவிடுவோம், உறுதியாயின், குரல் நடுங்கினும் எழுந்து சொல்வோம்.

இனி நம் பொதுக்கூட்டங்களை இரண்டு நிமிட மௌனத்தோடு தொடங்குவோம் என வேண்டி அமைகிறோம்.